செவ்விமான வீரர்

போர்வீரன் உடுத்தும் உடையும், அவ்வுடையில் துலங்கும் சின்னமும் வெறும் துணியும் உலோகமும் அல்ல. அவன் எந்நாட்டவன், எப்படையைச் சேர்ந்தவன், எத்தகைய செயல் புரிந்தவன் என்பவற்றை அவை வாய் திறவாமலே உரைப்பன. வெற்றி பெற்றவனை வாகை சூடினான் என்று கூறுவது தமிழ் வழக்கு. வீரத்தை ஓர் அடையாளத்தால் அறிவிக்கும் விருப்பம் உலக மக்கள் அனைவர்க்கும் பொதுவானதே.

1914ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை நடந்த முதல் உலகப் போரில் வானமும் பெரும் போர்க்களம் ஆயிற்று. அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தி அமைக்கப்பட்டவை. அவற்றில் ஏறிப் பறந்த வீரர்கள் அணிந்த தோல் அங்கி, மயிர்த்தோல் காலணி, காற்றைத் தடுக்கும் கண்ணாடி, மார்பில் குத்திய விமானிச் சின்னம், கழுத்தில் தொங்கிய விருது ஆகியவற்றைத் தேடித் திரட்டிப் போற்றுவோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். பொருட்காட்சிச் சாலைகளும் அவற்றைப் பேணிக் காக்கின்றன. நைந்த சட்டை ஒன்றிற்கும் மங்கிய சின்னம் ஒன்றிற்கும் இத்துணைப் பெருமை வந்த காரணம் என்ன?

இவ்வினாவிற்கு விடை கூறும் வாழ்க்கை ஒன்று உண்டு. அது ஜெர்மானிய விமான வீரர் மான்பிரெட் வான் ரிக்தோபனின் வாழ்க்கை. தாம் பெற்ற வெற்றிகளுக்கு நினைவுப்பொருள்களைத் திரட்டி வைத்தவர் அவர். தாம் மாண்ட அன்றே தம் உடைமைகள் பிறருடைய நினைவுப்பொருள்களாகப் பிரிந்து செல்லும் நிலையை எய்தியவரும் அவரே.

இளமை

ரிக்தோபன் 1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், பிரெஸ்லாவ் நகரை அடுத்த கிளைன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். பிரெஸ்லாவ் அந்நாளில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. இப்போது அது போலந்து நாட்டு நகரமாக விரோட்ஸ்வாப் என்னும் பெயருடன் விளங்குகிறது. தந்தையார் ஆல்பிரெக்ட் குதிரைப்படை அதிகாரி, தாயார் குனிகுண்டே. அவர்களுக்கு இல்ஸா என்னும் மகள் மூத்தவர், மான்பிரெட் அடுத்தவர், லோத்தர், போல்கோ ஆகிய இருவரும் அவருக்கு இளையவர்கள். மான்பிரெட் சிறுவராக இருந்தபோதே குடும்பம் ஷ்வைட்னிட்ஸ் என்னும் ஊரில் குடியேறியது.

காடும் வேட்டையும் அக்குடும்பத்தினர்க்கு மிகவும் விருப்பமானவை. மான்பிரெட்டும் சிறு வயதிலேயே துப்பாக்கி பிடிக்கக் கற்றார். ஒரு நாள் பாட்டியாரின் இல்லத்தில், அவர் வளர்த்த வாத்துகள் மூன்றைத் தம் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திவிட்டார். ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஓர் இறகைப் பறித்து எடுத்துக்கொண்டார். பின்னர்த் தாம் செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். உண்மை உரைத்தமைக்காகப் பாட்டியார் அவரை மன்னித்தார். அம்மூன்று இறகுகளும் ஓர் அட்டையில் ஒட்டப்பெற்று, ஷ்வைட்னிட்ஸ் இல்லத்தில் அவர் அறைச் சுவரில் பல்லாண்டுகள் தொங்கின. அவர் வாழ்க்கையில் சேர்த்த முதல் வெற்றிச் சின்னங்கள் அவையே.

பதினோராம் வயதில் அவர் வால்ஸ்டாட் என்னும் ஊரில் இருந்த படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியின் கடுமையான கட்டுப்பாடு அவருக்கு உவப்பாக இல்லை. தேர்வில் தவறாமல் இருக்கும் அளவிற்கே படித்தார். ஆனால் உடற்பயிற்சியில் அவர் முன்னணியில் நின்றார். ஒருமுறை அவ்வூர் மாதா கோயிலின் உயர்ந்த கோபுரத்தில் ஏறி, அதன் உச்சியில் தம் கைக்குட்டையைக் கட்டிவிட்டு இறங்கினார். அக்கைக்குட்டை நெடுநாள் அங்கேயே காற்றில் அசைந்தாடக் கண்டு மகிழ்ந்தார். செய்த செயலுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்னும் வேட்கை இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றி இருந்தது.

குதிரைப்படையில்

பயிற்சி முடிந்தபின், 1911ஆம் ஆண்டில் அவர் முதலாம் ஊலன் படைப்பிரிவில் சேர்ந்தார். ஊலன் என்போர் ஈட்டி ஏந்திப் போர் புரியும் குதிரை வீரர். மார்பின் இருபுறமும் வரிசையாகப் பொத்தான்கள் அமைந்த மேற்சட்டையும், உச்சி சதுரமாக அமைந்த தலைக்கவசமும் அவர்களுடைய தனிச் சிறப்பு. 1912ஆம் ஆண்டில் ரிக்தோபன் அப்படையில் அதிகாரி ஆனார்.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் போர் மூண்டது. ரிக்தோபன் முதலில் கிழக்கெல்லையிலும், பின்னர் மேற்குப் போர்முனையிலும் குதிரைமீது சென்று பகைவர் நடமாட்டத்தை வேவு பார்த்தார். ஆயினும் சில மாதங்களுக்குள் போரின் போக்கு மாறியது. இரு தரத்தாரும் நிலத்தில் பதுங்கு குழிகளை வெட்டி, முள்கம்பி வேலி அமைத்து, இயந்திரத் துப்பாக்கிகளுடன் எதிரெதிரே அமர்ந்தனர். அங்குக் குதிரைக்கு வேலை இல்லாது போயிற்று. ஊலன் வீரர் உணவும் பிற பொருள்களும் வழங்கும் பணிக்கு அனுப்பப்பட்டனர். முட்டையும் பாலேடும் திரட்டுவதற்காகத் தாம் போருக்கு வரவில்லை என்று கருதிய ரிக்தோபன், விமானப் படைக்கு மாற்றித் தருமாறு விண்ணப்பித்தார். 1915ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

வானம் அழைத்தது

முதலில் அவர் விமானத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து நிலத்தைக் கண்காணிக்கும் பணியைச் செய்தார். அவ்வாண்டு செப்டம்பரில் எதிரி விமானம் ஒன்றைச் சுட்டார். அது பகைவர் பகுதிக்குள் வீழ்ந்தமையால் அவ்வெற்றி அவர் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டின் அக்டோபரில் இரயில் பயணம் ஒன்றில் ஆஸ்வால்ட் பெல்க்கே என்னும் புகழ்பெற்ற விமானியைச் சந்தித்தார். எதிரியை எவ்வாறு வீழ்த்துகிறீர்கள் என்று ரிக்தோபன் வினவினார். மிக அருகில் சென்று, நன்கு குறி பார்த்துச் சுடுவதே தம் முறை என்று பெல்க்கே எளிமையாக விடை கூறினார். தாமே விமானம் ஓட்டக் கற்றாலன்றி அது தமக்குக் கைகூடாது என்பதை ரிக்தோபன் உணர்ந்தார்.

கற்பது எளிதாக இருக்கவில்லை. தனியே பறந்த முதல் நாளன்று, தரையிறங்கும்போது அவர் விமானம் மோதி உடைந்தது. அவர் சோர்வடையவில்லை, மீண்டும் மீண்டும் முயன்றார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இறுதித் தேர்வில் தேறினார். பிற்காலத்தில் உலகம் வியந்த விமானி தொடக்கத்தில் மிகச் சாதாரண மாணவராகவே இருந்தார் என்பது அறியத்தக்கது.

உடையும் சின்னமும்

அக்கால ஜெர்மானிய விமானிகளின் உடையில் ஒரு புதுமை இருந்தது. அவர்களுட் பலர் முன்பு தாம் இருந்த படைப்பிரிவின் உடையையே தொடர்ந்து அணிந்தனர். ஆகவே, ஒரே விமானத் தளத்தில் காலாட்படைச் சட்டையும், பீரங்கிப் படைச் சட்டையும், குதிரைப்படைச் சட்டையும் அருகருகே காணப்பட்டன. ரிக்தோபனும் தம் ஊலன் சட்டையைக் கைவிடவில்லை. அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை அச்சட்டை காட்டியது. இப்போது அவர் செய்யும் தொழிலை விமானிச் சின்னம் காட்டியது.

அச்சின்னம் 1913ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஏற்படுத்தியது. நீள்வட்ட வடிவில் இலைமாலை. மாலையின் உச்சியில் அரச முடி. நடுவில் நிலத்திற்கு மேலே பறக்கும் ஒரு விமானம். இதுவே அதன் தோற்றம். அதை இடப்பக்க மார்பில் அணிந்தனர். மேலே பறக்கும்போது இவையெல்லாம் கனத்த தோல் அங்கிக்குள் மறைந்துவிடும். உயரத்தில் வீசும் கடுங்குளிரைத் தாங்க அந்த அங்கியும், உள்ளே மயிர் வைத்துத் தைத்த காலணியும் இன்றியமையாதவையாக இருந்தன.

வெள்ளிக் கிண்ணங்கள்

1916ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெல்க்கே புதிய வேட்டை விமானப் பிரிவு ஒன்றை அமைத்தார். அதற்கு வேண்டிய இளைஞர்களைத் தேடிச் சென்றபோது ரிக்தோபனை நினைவுகூர்ந்து அழைத்துக்கொண்டார். செப்டம்பர் 17ஆம் நாள், வட பிரான்சில் காம்ப்ரே நகரத்தின் அருகே, ரிக்தோபன் ஆங்கிலேயரின் இருவர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். அதில் இருந்த லயனல் மாரிஸ் பத்தொன்பது வயதினர்; டாம் ரீஸ் இருபத்தொரு வயதினர். இருவரும் அன்றே இறந்தனர். ரிக்தோபன் அவர்கள் வீழ்ந்த இடத்தின் அருகிலேயே தம் விமானத்தை இறக்கி, அவர்களைச் சென்று கண்டார். பின்னர் அவர்கள் நினைவைப் போற்றிக் கல்லறையில் ஒரு கல்லையும் வைத்தார்.

அதே வேளையில், பெர்லின் நகரத்து நகை வணிகர் ஒருவருக்குக் கடிதம் எழுதிச் சிறிய வெள்ளிக் கிண்ணம் ஒன்றைச் செய்து அனுப்பச் சொன்னார். வெற்றியின் எண், வீழ்ந்த விமானத்தின் வகை, நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டன. அதன்பின் ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு கிண்ணம் வந்தது. பத்தாவது கிண்ணம் மற்றவற்றினும் பெரியது. வீழ்ந்த விமானங்களின் துணியில் எழுதப்பட்டிருந்த எண்களையும் அவர் அறுத்தெடுத்து, ஷ்வைட்னிட்ஸ் இல்லத்தின் தம் அறைச் சுவரில் பதித்தார். வேட்டைக்காரர் ஒருவர் தாம் கொன்ற விலங்கின் கொம்புகளை வீட்டில் மாட்டி வைப்பதைப் போன்றதே அச்செயல்.

அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் ரிக்தோபன் லேனோ ஹாக்கர் என்னும் ஆங்கில விமானியுடன் பொருதார். ஹாக்கர் 1915ஆம் ஆண்டில் தம் நாட்டின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவையைப் பெற்றவர். இருவரும் ஒருவரை ஒருவர் வட்டமிட்டு நெடுநேரம் போராடினர். ஹாக்கரின் விமானம் வேகத்திலும் வலிமையிலும் குறைந்தது. இறுதியில் அவர் தம் படையினர் பக்கம் திரும்ப முயன்றபோது தலையில் குண்டு பட்டு மாண்டார். ரிக்தோபன் அவ்விமானத்தின் இயந்திரத் துப்பாக்கியை எடுத்துவரச் செய்து, தம் உறைவிடத்தின் வாயிலில் மாட்டி வைத்தார். துப்பாக்கிக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் ஹாக்கரைப் புதைத்த இடம் பின்னர் நடந்த போர்களில் அழிந்துபோயிற்று. அவருக்கு இன்று தனிக் கல்லறை இல்லை. காணாமற்போன விமானிகளுக்காக அராஸ் நகரில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளது.

நீலச் சிலுவை

ஜெர்மானிய விமானிகள் எல்லாரும் பெற விழைந்த விருது ஒன்று உண்டு. அதன் பெயர் பூர் லெ மெரித். பிரஷ்யாவின் மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1740ஆம் ஆண்டில் அதை ஏற்படுத்தினார். அந்நாளில் அவருடைய அவையில் பிரெஞ்சு மொழி செல்வாக்குப் பெற்றிருந்தமையால், விருதின் பெயரும் அம்மொழியிலேயே அமைந்தது. நீலப் பூச்சு மின்னும் சிலுவையும், அதன் கைகளுக்கு இடையே பொன்னிறக் கழுகுகளும் கொண்ட அவ்விருது கழுத்தில் அணியப்படுவது.

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டு விமானங்களை வீழ்த்திய பெல்க்கேவும் இம்மல்மானும் அதைப் பெற்றனர். ரிக்தோபன் எட்டாம் வெற்றியை அடைந்தபோது தமக்கும் அது கிடைக்கும் என எதிர்பார்த்தார். ஆனால் விருதுக்குரிய எண்ணிக்கை அதற்குள் உயர்த்தப்பட்டுவிட்டது. பதினாறு விமானங்களை வீழ்த்திய பின்னரே, 1917ஆம் ஆண்டு ஜனவரியில், நீலச் சிலுவை அவர் கழுத்தை அணி செய்தது. அவருக்கு வழி காட்டிய பெல்க்கே அதைக் காண உயிருடன் இல்லை. 1916ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், தம் பக்கத்து விமானம் ஒன்றுடனேயே மோதி அவர் இறந்துபோயிருந்தார்.

செந்நிற விமானம்

விருதுடன் பொறுப்பும் வந்தது. ரிக்தோபன் பதினொன்றாம் வேட்டைப் பிரிவின் தலைவராக நியமிக்கப்பட்டார். அதுவரை ஒரு வெற்றியும் காணாதிருந்த பிரிவு அது. அக்காலத்தில்தான் அவர் தம் விமானத்திற்குச் செந்நிறம் பூசினார். போரில் மறைந்து தாக்குவதே தந்திரம் எனப் பலரும் கருதுவர். அவரோ, நண்பரும் பகைவரும் தம்மைத் தொலைவிலேயே அறிந்துகொள்ளுமாறு செய்தார். அவரது உடையின் சின்னத்தை மேலங்கி மறைத்தது. விமானமே அவருக்குச் சின்னமாயிற்று. தலைவரைத் தனியே குறிவைத்துத் தாக்காதிருக்கும் பொருட்டு, பிரிவின் மற்ற வீரர்களும் தங்கள் விமானங்களில் செந்நிறம் பூசினர். அவருள் ஒருவர் ரிக்தோபனின் தம்பி லோத்தர்.

1917ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் ரிக்தோபன் இருபதுக்கு மேற்பட்ட விமானங்களை வீழ்த்தினார். பெல்க்கேயின் நாற்பது என்னும் எண்ணிக்கையையும் அம்மாதத்திலேயே கடந்தார். நாடெங்கும் அவர் புகழ் பரவியது. நீலச் சிலுவையுடன் அவர் தோன்றும் படம் அஞ்சலட்டையில் அச்சாகியது. ஜெர்மானியச் சிறுவர் பலர் விமானிகளின் படங்களை ஆர்வத்துடன் சேர்த்தனர். ஜூன் மாதத்தில் நான்கு பிரிவுகளை ஒன்றாக்கிய பெரும்படை அவர் தலைமையில் அமைந்தது. பல வண்ணம் பூசிய விமானங்களுடன் தேவையான இடத்திற்கெல்லாம் கூடாரத்துடன் பெயர்ந்து சென்ற அப்படையைப் பறக்கும் சர்க்கஸ் என்று ஆங்கிலேயர் அழைத்தனர்.

தலைக்காயம்

1917ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் நாள், வானப் போரில் ஒரு குண்டு ரிக்தோபனின் தலையைத் தாக்கியது. அந்நொடியே அவர் கண்பார்வை இழந்தார். கை கால்களையும் அசைக்க இயலவில்லை. விமானம் கீழ்நோக்கி வீழ்ந்துகொண்டிருந்தது. தரையை நெருங்குமுன் பார்வை சிறிது மீண்டமையால் அவர் அதை இறக்கி உயிர் தப்பினார். மண்டையோட்டில் பட்ட காயம் முழுதும் ஆறுமுன்பே போர்முனைக்குத் திரும்பினார். தலைவலியும் குமட்டலும் அவரை வருத்தின.

அக்காயத்திற்குப்பின் அவர் உள்ளத்திலும் மாறுதல் உண்டாயிற்று. அவ்வாண்டில்தான் அவர் எழுதிய தன்வரலாறு வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் அந்நூலின் செருக்கு மிகுந்த நடை பின்னர் அவருக்கே உவப்பாக இல்லை. தாம் இப்போது அத்தகைய மனிதர் அல்லர் என்று அவர் எழுதி வைத்தார். ஒவ்வொரு போருக்குப் பின்னரும் மனம் சோர்ந்து, எவரையும் காண விரும்பாமல் தம் அறைக்குள் ஒதுங்கினார்.

அவ்வறையின் கூரையில் விளக்கு ஒன்று தொங்கியது. அது அவர் வீழ்த்திய விமானம் ஒன்றின் எஞ்சினைக் கொண்டு செய்யப்பட்டது; எஞ்சினின் உருளைகளில் சிறு விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. வெற்றியின் மகிழ்ச்சியால் அமைத்த அவ்விளக்கு, உறக்கம் வராத இரவுகளில் அவருக்கு அச்சமூட்டும் தோற்றத்தைத் தந்தது. தாம் பெருமையுடன் சேர்த்த பொருளே தம்மை நோக்கி வினவுவது போலத் தோன்றும் நிலையை அவர் அடைந்தார்.

வெள்ளிக் கிண்ணங்களும் அறுபதுடன் நின்றுவிட்டன. போரின் நெருக்கடியால் ஜெர்மனியில் வெள்ளி கிடைப்பது அரிதாயிற்று. வேறு உலோகத்தில் செய்த கிண்ணத்தை அவர் ஏற்கவில்லை. வெற்றிகள் பின்னரும் தொடர்ந்தன. ஆனால் கிண்ணங்கள் அதன்பின் வரவில்லை.

அவர் உயிரைக் காக்க விரும்பியவர்கள், தரையில் இருந்து பணியாற்றும் பதவி ஒன்றை ஏற்குமாறு வேண்டினர். பதுங்கு குழியில் நிற்கும் எளிய காலாள் விரும்பியபோது விலகிச் செல்ல இயலாது. அவ்வாறிருக்கத் தாம் மட்டும் விலகுதல் தகாது என்று கருதி ரிக்தோபன் அதை மறுத்துவிட்டார்.

இறுதிப் பறப்பு

1918ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் நாள் அவர் எழுபத்தொன்பதாம் வெற்றியையும் எண்பதாம் வெற்றியையும் பெற்றார். மறுநாள் காலையில், செந்நிறம் பூசிய மூவிறக்கைப் போக்கர் விமானத்தில் பறந்து சென்றார். பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில், வில்பிரட் மே என்னும் கனடா நாட்டு இளம் விமானியைத் துரத்திச் செல்லும்போது, மிகத் தாழ்வாகப் பறந்து ஆஸ்திரேலியப் படையினர் நின்ற நிலத்திற்கு மேல் வந்துவிட்டார். மே என்பவரைக் காக்க, கனடாவைச் சேர்ந்த கேப்டன் ராய் பிரவுன் பின்னால் வந்து தாக்கினார். தரையில் இருந்த ஆஸ்திரேலியரும் இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டனர். ஒரே ஒரு குண்டு ரிக்தோபனின் மார்பை ஊடுருவியது. விமானம் வோ என்னும் சிற்றூரின் அருகே இறங்கி நின்றது. உள்ளே அவர் உயிர் துறந்தார். இருபத்தாறு வயது நிரம்புவதற்கு அப்போது பதினொரு நாள்களே இருந்தன. அவ்வெற்றி பிரவுனுக்கு உரியதென ஆங்கில விமானப்படை அறிவித்தது. எனினும், தரையிலிருந்து வந்த குண்டே அவரைக் கொன்றது என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் துணிபு.

மறுநாள் பெர்த்தாங்கில் என்னும் ஊரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. ஆஸ்திரேலிய விமானப்படையின் மூன்றாம் பிரிவினர் அவருக்கு முழுப் படை மரியாதை செய்தனர். அவருக்கு ஒத்த தகுதியுடைய அதிகாரிகள் அறுவர் பெட்டியைச் சுமந்தனர். வீரர்கள் வானை நோக்கித் துப்பாக்கி முழக்கினர். விமானச் சுழலி ஒன்றை அறுத்துச் செய்த சிலுவை கல்லறையின் தலைமாட்டில் நடப்பட்டது. அவர் இறந்த செய்தியை ஆங்கில விமானி ஒருவர் ஜெர்மானியர் பகுதிக்கு மேல் பறந்து சென்று, கடிதமாகக் கீழே இட்டார். 1925ஆம் ஆண்டில் தம்பி போல்கோ அவர் எலும்புகளைத் தாய்நாட்டிற்குக் கொண்டு சென்றார். அவை பெர்லினில் அடக்கம் செய்யப்பட்டு, 1975ஆம் ஆண்டில் வீஸ்பாடன் நகரில் உள்ள குடும்பக் கல்லறைக்கு மாற்றப்பட்டன.

சிதறிய பொருள்கள்

விமானம் தரையில் நின்ற சில மணி நேரத்திற்குள், அதைச் சூழ்ந்த வீரர்கள் ஆளுக்கொரு துண்டை நினைவுப்பொருளாக எடுத்துக்கொண்டனர். செந்நிறத் துணியைக் கத்தியால் அறுத்தனர்; கருவிகளைக் கழற்றினர். எண்பது விமானங்களின் நினைவைச் சேர்த்தவரின் விமானம், இவ்வாறு பலருடைய கைகளில் துண்டு துண்டாகப் பிரிந்தது. அதன் எஞ்சின் இன்று இலண்டனில் உள்ள பேரரசுப் போர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு உரியது. இருக்கையைப் பிரவுன் கனடாவிற்குக் கொண்டு சென்றார். அது டொரான்டோ நகரத்து அரச கனடிய இராணுவக் கழகத்திற்கு உரியதாயிற்று. அவர் கையாற் பற்றி ஓட்டிய விமானக் கட்டுப்பாட்டுத் தண்டும், குளிருக்கு அணிந்த மயிர்த்தோல் காலணி ஒன்றும் ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில் பேணப்படுகின்றன.

அவர் தாமே சேர்த்த பொருள்களின் கதை வேறு வகையாக முடிந்தது. தாயார் 1933ஆம் ஆண்டில் ஷ்வைட்னிட்ஸ் இல்லத்தைப் பொருட்காட்சிச் சாலையாக மாற்றினார். வெள்ளிக் கிண்ணங்களும், விமானத் துணிகளும், எஞ்சின் விளக்கும் அங்குக் காட்சியளித்தன. அவ்வாண்டில் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றிய நாஜிக் கட்சியினர் மாண்ட வீரரின் பெயரைத் தம் போர் வெறிக்குப் பயன்படுத்திக்கொண்டனர். அவ்வெறி மூட்டிய இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945ஆம் ஆண்டில், சோவியத்துப் படை அவ்வூரை அடைந்தது. தாயார் வீட்டை விட்டு அகன்றார். அங்கிருந்த அரும்பொருள்கள் சிதறி மறைந்தன. அறுபது கிண்ணங்களின் தொகுதி மீளவே இல்லை. ஷ்வைட்னிட்ஸ் இப்போது போலந்து நாட்டின் ஷ்விட்னித்சா நகரமாக உள்ளது.

சேகரிப்போரின் கடமை

பழைய விமானிகளின் உடையையும் சின்னத்தையும் சேகரிப்போர் அவற்றைக் காப்பதற்குப் பெரிதும் உழைக்கின்றனர். கம்பளிச் சட்டையை அந்துப்பூச்சி அரிக்கும். வெயில் அதன் நிறத்தை வெளுக்கச் செய்யும். தோல் அங்கி வறண்டு வெடிக்கும். ஆகவே மிகுந்த ஒளியும் ஈரமும் படாத இடத்தில் அவற்றை வைத்துப் போற்றுதல் வேண்டும். போலிப் பொருள்கள் மிகுதியாக உலவுவதால், தையலையும், பொத்தானையும், சின்னத்தின் பின்புறம் உள்ள முத்திரையையும் நுணுகி ஆராய்கின்றனர்.

அதனினும் இன்றியமையாத வினா ஒன்று உண்டு: இதனை அணிந்தவர் யார் என்பதே அது. பெயரும் ஊரும் காலமும் அறியப்பெற்ற எளிய சட்டை, ஒன்றும் அறியப்பெறாத பளபளப்பான சட்டையினும் உயர்வாக மதிக்கப்படுகிறது. கழுத்துப் பட்டையின் உட்புறம் எழுதிய பெயரும், பழைய நிழற்படமும், வீட்டார் காத்த கடிதமும் அப்பொருளுடன் சேர்ந்தே பேணப்பட வேண்டியவை. பொருளிலிருந்து அவற்றைப் பிரித்துவிட்டால், எஞ்சுவது துணி மட்டுமே.

ரிக்தோபனின் வாழ்க்கை இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. முதற் கிண்ணத்தில் எண்ணும் விமானத்தின் வகையும் நாளும் இருந்தன. மாரிஸ், ரீஸ் என்னும் இரண்டு பெயர்கள் அதில் இல்லை. கிண்ணம் மறைந்துவிட்டது. ஆனால் அவ்விளைஞர் இருவரின் பெயர்களும் வட பிரான்சில் அவர்தம் கல்லறைகளில் இன்றும் படிக்கத்தக்கனவாய் நிற்கின்றன. கான்பெராவில் உள்ள காலணியும் ஒரு பகைவனை வென்ற பெருமையை மட்டும் கூறவில்லை. தாயும் தம்பியரும் உடைய ஓர் இளைஞர் இருபத்தைந்து வயதில் அதை அணிந்து சென்று திரும்பி வராமற்போனார் என்பதையும் கூறுகிறது. வீரர்களின் உடையையும் சின்னத்தையும் காப்போர் அச்செய்தியையும் உடன் காத்தல் வேண்டும். அப்போதே அவர்கள் செய்யும் தொகுப்பு, வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒப்பச் செய்யும் மரியாதை ஆகும்.